ரொட்டிக்குள் வந்த பதினொன்றாம் எண்

எமில் ஹுடாக் தன் வாழ்நாளில் ஒரு பேஸ்பால் ஆட்டத்தில்கூட இறங்கி ஆடியதில்லை. ஆனால் அவர் முகம் அச்சான ஒரு பேஸ்பால் அட்டை 1989-ஆம் வருஷம் நாலாயிரத்து இருநூறு டாலருக்கு விலை போய்க்கொண்டிருந்தது. அவருடைய நாலு மாதச் சம்பளம் அது. இந்த விஷயம் ஊரில் எல்லோரையும் விடக் கடைசியாகத் தெரிய வந்தது அவருக்குத்தான். சொன்னவன் நான்.

ஒஹையோ ஆற்றங்கரையில் கார்வில் என்கிற எங்கள் ஊரில் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டினோம். அவருடையது நாலாம் எண் வண்டி, என்னுடையது ஏழு. அவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். உயரமான ஆள். காதுகள் இரண்டும் முகத்தை விட்டு விலகி நிற்கும். காலை ஏழு பன்னிரண்டுக்கு மில்லர் வீட்டு வாசலில் நாலாம் எண் வண்டி நிற்கும். ஏழு பதினொன்றுக்கும் இல்லை, ஏழு பதின்மூன்றுக்கும் இல்லை. அந்தத் தெருவில் சில வீடுகளில் கடிகாரம் நின்றுபோனால் எமிலுடைய பிரேக் சத்தத்தை வைத்துத்தான் முள்ளைத் திருப்புவார்கள்.

அட்டையின் கதை 1953-இல் தொடங்குகிறது. அப்போது கார்வில்லுக்கென்று ஒரு சின்ன பேஸ்பால் அணி இருந்தது. ஊர் முழுக்கப் பீங்கான் தொழிற்சாலைகள் என்பதால் அணிக்குப் பெயரே ‘குயவர்கள்’. பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்களும், இனிமேல் கிடைக்கும் என்று நம்பியவர்களும், அந்த நம்பிக்கையைக் கைவிட்டவர்களுமாகப் பதினாறு பேர். அவர்களைப் பேருந்தில் ஊர் ஊராக ஏற்றிக்கொண்டு போனவர் எமில். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

அந்த வருஷம் ஹெல்விக் ரொட்டிக் கம்பெனிக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொரு ரொட்டிப் பொட்டலத்துக்குள்ளும் ஓர் ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டையை வைத்தால், பதினாறையும் சேர்க்கிற ஆசையில் பிள்ளைகள் அம்மாக்களை நச்சரிப்பார்கள். ரொட்டி விற்கும். படமெடுக்க அனுப்பப்பட்டவர் பீங்கான் கம்பெனிகளின் விலைப்பட்டியலுக்குத் தட்டுகளையும் கோப்பைகளையும் படமெடுத்துப் பழகியவர். தட்டு வைத்த இடத்தில் இருக்கும். ஆட்டக்காரர்கள் இருக்கவில்லை. மைதானத்தில் அவர்களைத் துரத்திப் பிடித்து நிறுத்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

எமில் வேலியோரம் சாய்ந்து ஆப்பிள் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்.

“யோவ் டிரைவர், சும்மாதானே நிக்கிற? அந்தச் சட்டையை மாட்டிக்கிட்டு இங்க வந்து நில்லு. வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாக்கணும்” என்றார் படக்காரர்.

“நான் ஆட்டக்காரன் இல்லீங்க.”

“வெளிச்சத்துக்கு அதெல்லாம் தெரியாது. வா.”

பெஞ்சில் கிடந்த சட்டை க்ளைட் பாக்ஸ்லியுடையது. க்ளைட் இடக்கைப் பந்து வீச்சாளர், அணியிலேயே அழகன், அதை அவரும் மறந்ததில்லை. அன்று கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தார். எமில் அந்தப் பதினொன்றாம் எண் சட்டைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டார். யாருடையதோ தொப்பி, யாருடையதோ கையுறை. சொன்ன இடத்தில் நின்று, சொன்னபடி சிரித்தார். கேமரா ஒரு தடவை சொடுக்கியது. பிறகு சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மிச்ச ஆப்பிளைத் தின்றார்.

படக்காரர் சட்டை எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டார். பதினாறு எண்கள், பதினாறு படங்கள். கணக்கு சரியாக இருந்ததால் கிளம்பிவிட்டார். வீங்கிய கன்னத்தோடு க்ளைட் வந்து சேர்ந்தபோது மைதானத்தில் புல்லைத் தவிர ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ரொட்டிக்குள் அட்டைகள் வந்தன. பதினொன்றாம் எண் அட்டையில் ‘க்ளைட் பாக்ஸ்லி, பந்து வீச்சாளர்’ என்று அச்சிட்டிருந்தது. மேலே காதுகள் விரிந்த எமில் சிரித்துக்கொண்டிருந்தார்.

வேறு ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். க்ளைட்டுக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் ஓபல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகள். மாப்பிள்ளையை அதுவரை ஒரே தடவை, அதுவும் மங்கலான முன்கூடத்தில் பார்த்திருந்த மாமனார், அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம், “யாரும்மா இது? அன்னிக்கு வந்தவன் இவன் இல்லையே” என்று கேட்டார். மறுநாள் காலை க்ளைட் ரொட்டிக் கம்பெனி அலுவலகத்துக்குப் போய்ப் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டதாம். நாலே நாளில் அட்டையை நிறுத்தினார்கள். மிச்சம் இருந்த கட்டுகள் ரொட்டி வேகும் அடுப்பிலேயே எரிந்தன. பல் வீக்கம் வடிந்த க்ளைட்டின் நிஜப் படத்தோடு புதிய அட்டை ஆயிரக்கணக்கில் வந்தது. அது இன்றைக்கும் மூன்று டாலருக்குக் கிடைக்கும்.

எமில் வேண்டுமென்றே செய்த குறும்பு இது என்று க்ளைட் நினைத்தார். அந்தப் பருவம் முடியும் வரை பேருந்தில் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். எமிலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

எமில் வீட்டில் அந்த அட்டை ஒன்றுகூட இல்லை. காரணம் எளிது. அவர் மனைவி வெர்னா வீட்டிலேயே ரொட்டி சுடுகிறவர். காசு கொடுத்து ரொட்டி வாங்குகிறவர்களைச் சோம்பேறிகள் என்று வெளிப்படையாகவே சொல்லுவார்.

மூன்று வருஷத்தில் அணி கலைந்தது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சி வந்த பிறகு மைதானத்துக்கு யார் வருவார்கள்? எமில் பள்ளிப் பேருந்துக்கு மாறினார். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டிக்கொடுத்தார். தோட்டத்தில் மிளகாய் போட்டார். அட்டையை மறந்தே போனார்.

அட்டை அவரை மறக்கவில்லை. எழுபதுகளில் பழைய பேஸ்பால் அட்டைகளைத் தேடிச் சேர்க்கிற பித்து நாடு முழுக்கப் பரவியது. ஹெல்விக் அட்டைகள் முதலில் யாருக்கும் பொருட்டாக இல்லை. மெழுகுத்தாளில் ரொட்டியோடு சுற்றி வந்தவை என்பதால் எல்லாவற்றிலும் மெழுகுக்கறை. ஞாயிற்றுக்கிழமைத் தெருச்சந்தையில் அட்டை இரண்டு டாலர். பிறகு யாரோ பதினாறையும் சேர்க்க உட்கார்ந்தபோதுதான் பதினொன்றாம் எண்ணில் இரண்டு முகங்கள் இருப்பது தெரிந்தது. ஒன்று கொள்ளை கொள்ளையாகக் கிடைத்தது. மற்றொன்று கிடைக்கவே இல்லை. தேடத் தேட விலை ஏறியது. நூறு, முந்நூறு, ஆயிரம். எண்பத்தொன்பதுக்குள் மொத்தம் ஒன்பது அட்டைகள் மட்டும் இருப்பதாகக் கணக்கெடுத்திருந்தார்கள்.

யார் இந்த ஆள் என்பதில் பெரிய சண்டையே நடந்தது. அட்டையின் பின்பக்கம் ‘இடக்கை’ என்று போட்டிருந்தது. படத்திலோ கையுறை இடது கையில் இருந்தது. அப்படியென்றால் எறிவது வலக்கை. படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது, ஆள் க்ளைட்தான் என்று ஒரு கூட்டம் சாதித்தது. அதெப்படி, தொப்பியில் உள்ள எழுத்து நேராகத்தானே இருக்கிறது என்று மறு கூட்டம் கேட்டது. பெண்டாட்டிக்குப் பயந்து வேறு பெயரில் ஆடிய ஒருவர் என்றார்கள். கொரியாப் போருக்குப் போய்த் திரும்பாத ஆட்டக்காரர் என்றார்கள். இந்த இரண்டாவது கதை பரவியதும் விலை இன்னும் எண்ணூறு டாலர் ஏறியது.

அந்த இலையுதிர் காலத்தில் மார்லின் ஸ்ட்ராட் என்கிற பெண் எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாளில் அந்த அட்டையைப் பெரிதாகப் போட்டு, ‘இவரைத் தெரியுமா?’ என்று கேட்டிருந்தார். மாவட்ட நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்துக்கொண்டு, ரொட்டிக் கம்பெனி அட்டைகளுக்கென்றே ஒரு சிறு பத்திரிகை நடத்தியவர். சந்தாதாரர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். திங்கட்கிழமை காலை பணிமனையில் காபி குடிக்கும்போது அந்தப் பக்கத்தை எமில் முன்னால் விரித்தேன்.

“எமில், இது நீங்கதானே?”

சாண்ட்விச்சை மெல்லுவதை நிறுத்தாமல் எட்டிப் பார்த்தார். “ஆமா. நான்தான்.”

“நாலாயிரத்து இருநூறு டாலராம்.”

“எதுக்கு?”

“இந்தக் கார்டுக்கு.”

“அதைத்தான் கேக்கிறேன். எதுக்கு?”

“இது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியலையாம். நீங்க கொரியாவுல காணாம போயிட்டதா எழுதியிருக்காங்க.”

எமில் வாயைத் துடைத்துக்கொண்டார். “நான் எங்கயும் காணாம போகலையே டென்னிஸ். ஏழு பன்னிரண்டுக்கு மில்லர் வீட்டு வாசல்ல வந்து தேடியிருந்தா கிடைச்சிருப்பேனே.”

அவருக்கு அதில் பெரிய சுவாரசியம் இல்லை. வெர்னாவுக்கு இருந்தது. அட்டையை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஆற்றோரமாக நாற்பது மைல் தள்ளி ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் அடுத்த சனிக்கிழமை அட்டைச் சந்தை நடப்பதாகச் செய்தியின் அடியில் போட்டிருந்தது. மூவரும் என் காரில் போனோம்.

கூடம் முழுக்க மேஜைகள். ஆண்கள் குனிந்து குனிந்து பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டக் என்கிற வியாபாரியின் மேஜை நடுவில், கனமான பிளாஸ்டிக் சட்டத்துக்குள், மெழுகுக்கறையோடு இருபத்தெட்டு வயது எமில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே விலைச்சீட்டு: ஐயாயிரத்து இருநூறு. செய்தி வந்த ஒரே வாரத்தில் ஆயிரம் கூடியிருந்தது.

வெர்னா குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இந்த மூஞ்சியை நாப்பத்தொரு வருஷமா ஓசியில பாத்துட்டிருக்கேன்” என்றார்.

எமில் தொண்டையைச் செருமினார். “தம்பி, இது நான்தான்.”

டக் நிமிரக்கூட இல்லை. “இன்னிக்கு நீங்க மூணாவது ஆள் பெரியவரே. காலைல வந்தவருக்கு நாப்பது வயசு. படம் எடுக்கும்போது நாலு வயசு இருந்திருக்கும்.”

“நான் அந்த டீமோட பஸ் டிரைவர்.”

“இது புதுசா இருக்கு. முதல் ரெண்டு பேரும் ஆட்டக்காரங்கன்னுதான் சொன்னாங்க.”

எமில் இதற்கு மேல் வற்புறுத்துகிற ஆள் இல்லை. வெர்னா வற்புறுத்துகிறவர். அவருடைய குரல் கேட்டு மூலையில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த மார்லின் வந்தார். மூக்கின் நுனியில் கண்ணாடி, கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. எமிலின் காதுகளைப் பார்த்தார். அட்டையின் காதுகளைப் பார்த்தார். ஆனாலும் நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறவர் இல்லையா, சாட்சி கேட்டார்.

“மிஸ்டர் ஹுடாக், இடுப்புக்குக் கீழ ஓரமா ஒண்ணு தெரியுது பாருங்க. அது என்னன்னு சொல்ல முடியுமா?”

படத்தின் அடியோரத்தில், பெல்ட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. சேகரிப்பவர்கள் அதற்கு ‘தேனீ’ என்று பெயர் வைத்திருந்தார்கள். படமெடுக்கும்போது பறந்து வந்த தேனீ என்று எல்லோரும் நம்பினார்கள். தேனீ தெளிவாக விழுந்த அட்டைக்கு இருநூறு டாலர் கூடுதல்.

எமில் பூதக்கண்ணாடியைக்கூடக் கேட்கவில்லை. “பஸ் சாவி. வளையத்துல ஒரு பித்தளை மீன் தொங்கும். எங்கப்பா அடிச்சுக் குடுத்தது. வால் உடைஞ்சிருக்கும் பாருங்க, நான் கதவு இடுக்குல வச்சு நசுக்கிட்டேன்.”

மார்லின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். டக் பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். செதில் தெரிந்தது. வால் ஒரு பக்கம் உடைந்திருந்ததும் தெரிந்தது.

மார்லின் மெல்ல நிமிர்ந்தார். “பதினாலு வருஷமா இதைத் தேனீன்னு எழுதிக்கிட்டிருக்கேன்.”

“அதுக்கு வருத்தப்படாதம்மா. நான் அதைவிட அதிக வருஷமா இந்த ஆளைப் புத்திசாலின்னு நினைச்சுட்டிருந்தேன். இப்படி ஒரு விஷயத்தை வாயைத் திறந்து சொல்லாம இருந்திருக்கார் பாரு” என்றார் வெர்னா.

டக்குக்கு மட்டும் முகம் வாடிப்போனது. எமிலைத் தனியே அழைத்து, தணிந்த குரலில் கேட்டார்: “பெரியவரே, தப்பா நினைக்காதீங்க. இதை இன்னும் ஒரு ஆறு மாசம் வெளிய சொல்லாம இருக்க முடியுமா? ஆள் யாருன்னு தெரியாத வரைக்கும்தான் இதுக்கு மவுசு.”

“எனக்கு முப்பத்தாறு வருஷமா தெரியும். அப்ப ஒண்ணும் மவுசு இல்லையே” என்றார் எமில்.

டக் பயந்தது பாதி நிஜமானது. மார்லின் பத்திரிகையில் எழுதியதும் விலை மூவாயிரத்துக்கு இறங்கியது. போர்வீரன் என்று நம்பி வாங்கிய ஒருவர் ஏமாந்துவிட்டதாகக் கடிதம் எழுதினார். ஆனால் இரண்டு மாதம் கழித்துப் பெரிய நகரங்களின் நாளிதழ்களிலும் செய்தி வந்தது. ஆட்டக்காரர்களின் அட்டை ஆயிரம் இருக்கிறது, ஓட்டுநரின் அட்டை இது ஒன்றுதானே என்று ஆட்கள் கேட்கத் தொடங்கினார்கள். விலை ஆறாயிரத்தைத் தாண்டியது. டக் கிறிஸ்துமஸுக்கு எமில் வீட்டுக்கு ஒரு பெரிய பன்றித்தொடை இறைச்சி அனுப்பி வைத்தார்.

இதற்குள் மார்லின் க்ளைட் பாக்ஸ்லியையும் தேடிப் பிடித்துவிட்டார். தேடவே வேண்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்து, பிறகு அதை நடத்தி, இப்போது ஓய்வாக ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருபது மைலில் இருந்தார். முப்பத்தாறு வருஷமாக. எமிலைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்டதும் தொலைபேசியை வைத்துவிட்டாராம். பத்து நிமிஷத்தில் ஓபல் திரும்ப அழைத்தார். “ஞாயித்துக்கிழமை வர்றோம். அவரை நான் கூட்டிட்டு வரேன்” என்றார்.

வெர்னா அன்றைக்கு பிரோஹி செய்தார், உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை மாதிரி. நானும் மார்லினும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். சொன்ன நேரத்துக்கு நாற்பது நிமிஷம் தாமதமாக வந்தார்கள். அறுபத்தாறு வயதிலும் க்ளைட் அழகாகத்தான் இருந்தார். சமையலறை வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“அன்னிக்கு நீ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்டா.”

“சொன்னேன். கிளீவ்லண்ட் ரோடு முழுக்கச் சொல்லிட்டே வந்தேன். நீ கடைசி சீட்ல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்த.”

“கண்ணாடியில பாத்தியா?”

“டிரைவருக்கு வேற என்னடா வேலை? உக்காரு. ஆறிடும்.”

இரண்டாவது தட்டு பிரோஹிக்குப் பிறகுதான் க்ளைட் விஷயத்துக்கு வந்தார். “உன்மேல எனக்குக் கோபமே இல்ல எமில். கோபமெல்லாம் எங்க மாமனார் மேலதான்.”

ஓபல் சிரிக்கத் தொடங்கினார். கைப்பையிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பதினொன்றாம் எண் அட்டை. மார்லின் கையிலிருந்த முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டார். அதில் மெழுகுக்கறை இல்லை. மூலைகள் கத்தியால் வெட்டியது போல் கூராக இருந்தன. மளிகைக்கடைக்காரர்களுக்கு ரொட்டிக் கம்பெனி முன்கூட்டியே அனுப்பிய மாதிரி அட்டைக் கட்டுக்குள் வந்தது, ரொட்டியையே தொடாதது. உலகத்திலேயே பத்தாவது, எல்லாவற்றிலும் சுத்தமானது.

“பின்னாடி பாருங்க” என்றார் ஓபல்.

பின்பக்கம் பென்சிலில் அவருடைய அப்பா எழுதியிருந்தார்: ‘மாப்பிள்ளை இவன் இல்லை. இவனாக இருந்திருந்தால் நேரத்துக்குக் கடை திறந்திருப்பான்.’

“கல்லாப்பெட்டிக்கு மேல கண்ணாடிக்குள்ள வச்சிருந்தார் அந்த மனுஷன். இருபத்தி ரெண்டு வருஷம். நான் ஒரு அஞ்சு நிமிஷம் லேட்டா வந்தாக்கூட ஒண்ணும் பேச மாட்டார். என்னைப் பாப்பார், கார்டைப் பாப்பார், பெருமூச்சு விடுவார். சாகிற வரைக்கும் உன்னை வச்சே என்னை அடிச்சார்டா” என்றார் க்ளைட்.

எமில் சிரித்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சிரித்தது போல் பார்த்ததில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு விட முடியாமல் சிரித்தார். க்ளைட் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தாங்கவில்லை.

“நான் நேரத்துக்கு வருவேன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று எமில் கேட்டார்.

“காதைப் பாத்துட்டுச் சொல்லியிருப்பார்” என்றார் வெர்னா.

அட்டையை எமில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஓபல் சொன்னார். எமில் தொட மறுத்தார். “உங்கப்பாவோடது. என் மூஞ்சிக்கு வாடகை வாங்குறதா?”

“அப்ப வித்துத் தொலைங்க. நான் இதை இன்னொரு தடவை வீட்டுக்குள்ள பாக்க விரும்பல” என்றார் க்ளைட்.

விற்பது, பணத்தைப் பாதியாகப் பிரிப்பது என்று பெண்கள் இருவரும் முடிவு செய்தார்கள். ஆண்களைக் கேட்கவில்லை. ஒரு வேலை மட்டும் இருக்கிறது என்று ஓபல் பேனாவை எமிலிடம் நீட்டினார். அப்பா எழுதியதற்குக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். மார்லின் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “வேண்டாங்க. மை பட்டா போச்சு. ஒன்பதாயிரம் போகும்னு வச்சிருக்கேன், ரெண்டாயிரத்துக்கு இறங்கிடும்.”

எமில் அதற்குள் எழுதிவிட்டார்: ‘எமில் ஹுடாக், ஓட்டுநர்.’ க்ளைட் பேனாவை வாங்கி அதற்குக் கீழே எழுதினார்: ‘க்ளைட் பாக்ஸ்லி, பந்து வீச்சாளர். தாமதத்துக்கு வருந்துகிறேன்.’ மார்லின் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு க்ளைட் வாரம் இருமுறை ஆற்றைத் தாண்டி வரத் தொடங்கினார். எமில் அடுத்த ஜூனில் ஓய்வு பெற இருந்தார். அதையொட்டி, பள்ளி அணியின் கடைசி ஆட்டத்தை மரியாதைக்கு முதல் பந்து எறிந்து தொடங்கிவைக்கும்படி பள்ளிக்கூடம் அவரைக் கேட்டிருந்தது. அவர் தயங்கினார். அட்டையில் பந்து வீச்சாளர் என்று போட்டுவிட்டு எறியத் தெரியாமல் நிற்பதா என்று வெட்கம். க்ளைட் பயிற்சி கொடுக்கிறேன் என்றார். எமில் வீட்டுப் பின் சந்தில், கார் கொட்டகைக் கதவில் சுண்ணாம்பால் ஒரு சதுரம் வரைந்து, இரண்டு மாதம் எறிந்தார்கள்.

“டேய், ஸ்டியரிங்கைத் திருப்புற மாதிரி திருப்பாதே. தோளை விடு.”

“விட்டுட்டுத்தான் இருக்கேன்.”

“அதுக்குப் பேர் விடுறதாடா? பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடிட்டுப் போறார் பாரு.”

ஜூன் இரண்டாம் வாரம், வெயில் சாய்ந்த மாலையில், மைதானத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். அதில் பாதிப் பேர் ஒரு காலத்தில் நாலாம் எண் வண்டியில் ஏறியவர்கள். சிலர் தங்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பள்ளிக்காரர்கள் பதினொன்றாம் எண் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை அளவு சரியாக இருந்தது. எமில் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர் அதை எதிர்பார்க்கவில்லை. காதுகள் இரண்டும் சிவந்துபோயின.

எறிந்தார். பந்து நேராகத்தான் போனது, ஆனால் எட்டவில்லை. இரண்டு தடவை குதித்து, உருண்டு, பிடிப்பவனின் கையுறைக்குள் தானாகவே போய்ச் சேர்ந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

இறங்கி வந்தவரின் முதுகில் க்ளைட் தட்டினார். “நான் இதைவிட மோசமா எறிஞ்சிருக்கேன்டா. அதுக்குச் சம்பளமும் வாங்கியிருக்கேன்.”

அட்டை அந்த இலையுதிர் காலத்தில் ஏலத்துக்குப் போனது. மை பட்டதால் பாழாகிவிட்டது என்று வாங்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அதற்காகவே வாங்க வந்தவர்கள் அவர்களைவிட அதிகமாக இருந்தார்கள். மாமனாரின் பென்சில் வரி, ஓட்டுநர், பந்து வீச்சாளர் மூன்றும் சேர்ந்து உலகத்தில் வேறெங்கும் இல்லையே. பதினாலாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. சிகாகோவில் உள்ள ஒரு பல் மருத்துவர் வாங்கினார் என்று கேள்வி. அட்டை சேர்ப்பவர்களின் விலைப்பட்டியல் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே எமிலின் பெயரை அச்சிட்டார்கள். மார்லின் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு எமிலுக்குக் கொடுத்தார். வெர்னா அதைக் கூடத்தில் மாட்டச் சம்மதிக்கவில்லை. நிலவறைப் படிக்கட்டில் மாட்டினார்.

அடுத்த மார்ச்சில் எமில், வெர்னா, க்ளைட், ஓபல் நால்வரும் பிளாரிடாவுக்குப் போனார்கள். பெரிய அணிகள் அங்கேதான் பருவத்துக்கு முன்னால் பயிற்சி ஆட்டம் ஆடும். வெர்னா கடலையும் பார்த்ததில்லை, பேஸ்பால் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. கடல் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, உப்பு அதிகம் என்றார். ஆட்டம்தான் பிடித்தது. முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் க்ளைட்டிடம் விளக்கம் கேட்டார். மூன்றாம் நாள் க்ளைட்டுக்கே விளக்கம் சொன்னார். நாலாம் நாள் நடுவர் கொடுத்த ஒரு தீர்ப்பு அவருக்குச் சம்மதமில்லை. எழுந்து நின்று, கார்வில் சமையலறையில் பேசுகிற அதே குரலில், அந்த நடுவரின் கண்பார்வையைப் பற்றியும் வளர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நடுவர் திரும்பிப் பார்த்தார். எமில் மெல்ல எழுந்து, வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, தெரியாதவர் மாதிரி இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்தார்.